249 ரூபாய்க்கு 30 ஆலன் கீ: கல்வராயன் மலை இறக்கத்துல நாங்க போட்ட கணக்கு



நம்ம சேனல்ல மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரின்னு எவ்வளவோ பேசியிருக்கோம். இன்னைக்குப் பேசப் போறது உள்ளங்கையில அடங்குற ஒரு இரும்புத் துண்டைப் பத்தி. ஆலன் கீ. ஒர்க்‌ஷாப்புல கேட்டா "எல்.என். கீ"ன்னு சொல்வாங்க. "எல்" மாதிரி வளைஞ்சு, ஆறு பட்டையா இருக்கும். ஆன்லைன்ல ஆபீஸ் சேரோ கட்டிலோ வாங்கினா, திருகுப் பாக்கெட்டோட ஒண்ணு வருமே, அதேதான்.

"ஒரு சி.ஏ. எதுக்கு ஸ்பேனர் கதை சொல்றார்?"ன்னு கேக்காதீங்க. இந்தக் கதையில நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு, ஆஃபர் விலை இருக்கு, சம்பளம் வாங்க ஆரம்பிச்ச முதல் வருஷத்துல நாம எல்லாரும் பண்ற ஒரு தப்பும் இருக்கு. அந்தத் தப்பு ஒரு மலைப்பாதையில பிரேக்கோட சம்பந்தப்பட்டதா போச்சு. அதனாலதான் எழுதுறேன்.

பொங்கல் லீவும் புது சைக்கிளும்

எங்க சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பர் 26-ல தனி மாவட்டம் ஆன ஊர். மேற்குப் பக்கம் பார்த்தா கல்வராயன் மலை தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு பகுதி அது.

என் சித்தப்பா பையன் பெங்களூருல வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது. போன தீபாவளி ஆஃபர்ல 27,000 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கினான். டிஸ்க் பிரேக், முன்னாடி சஸ்பென்ஷன் எல்லாம் உண்டு. ஒன்பது மாச நோ காஸ்ட் இ.எம்.ஐ., மாசம் 3,000 ரூபாய். பெட்டியில பாதி கழட்டின நிலையில வந்த சைக்கிளை வீடியோ பார்த்து அவனே பூட்டினான். அதுக்காக அதே ஆஃபர்ல 249 ரூபாய்க்கு "30 பீஸ் கம்ப்ளீட் ஆலன் கீ செட்" ஒண்ணும் வாங்கியிருந்தான். 

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தப்போ சைக்கிளையும் கொண்டு வந்துட்டான். "அண்ணா, வெள்ளிமலை வரைக்கும் ஏறிப் பாக்கணும், நீங்க பைக்ல கூட வாங்க"ன்னான். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலைப்பாதை தொடங்கும். அவன் சைக்கிள்ல, நான் பின்னாடி என் பைக்ல. மூச்சு வாங்கினாலும் பையன் ஏறிட்டான். நல்ல குளிர், வழியெல்லாம் மரவள்ளித் தோட்டம். ரொம்ப சந்தோஷமான காலை அது.

பிரச்சனை இறங்கும்போதுதான். ரெண்டு வளைவு தாண்டினதும் பிரேக் பிடிச்சா முன் சக்கரத்துல கடகடன்னு சத்தம். நிறுத்திப் பார்த்தோம். முன் டிஸ்க் பிரேக்கோட காலிப்பரை ஃபோர்க்கோட பிடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்ல ஒண்ணு பாதி கழண்டு வெளியே வந்திருந்தது. இன்னொண்ணும் லூஸ்.

"ஒண்ணும் இல்லண்ணா, டைட் பண்ணிடலாம்"னு பையில இருந்து அந்த 30 பீஸ் செட்டை எடுத்தான். ஒரு கீயைப் போட்டுத் திருகினான். வழுக்குச்சு. அழுத்திப் பிடிச்சுத் திருகினான். மறுபடி வழுக்குச்சு. மூணாவது தடவை போல்ட் தலைக்குள்ள இருந்த ஆறு மூலையும் மழுங்கி வட்டமாயிடுச்சு. இப்போ எந்தக் கீயைப் போட்டாலும் சும்மா சுத்தும்.

இறக்கத்துல சைக்கிளை நிறுத்துறது பெரும்பாலும் முன் பிரேக்தான். அதை நம்ப முடியாம கொண்டை ஊசி வளைவுல ஓட்ட முடியாது. தள்ளிக்கிட்டு நடந்தோம்.

அந்த அண்ணனோட "ஃபுல் செட்"

கொஞ்ச தூரத்துல ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்தர், பக்கத்து ஊர் விவசாயி, விஷயத்தைக் கேட்டார். அவர்கிட்ட பெட்ரோல்ல ஓடுற களை வெட்டும் மெஷின் இருந்தது. அதோட கைப்பிடியில கட்டுக்கம்பியால ரெண்டு ஆலன் கீயைக் கட்டி வச்சிருந்தார். ஒண்ணு 4 எம்.எம்., ஒண்ணு 5 எம்.எம். மெஷினோட வந்தது.

"இந்தாங்க தம்பி, இதப் போட்டுப் பாருங்க."

லூஸா இருந்த இன்னொரு போல்ட்டுக்கு அந்த 5 எம்.எம். கச்சிதமா உட்கார்ந்தது. ஒரு திருகுல டைட் ஆச்சு. ஆனா மழுங்கின போல்ட்ல அதே கீ சும்மா சுத்துச்சு. நல்ல கீ கிடைச்சது, ஆனா நாங்க கெடுத்ததுக்கு அப்புறம் கிடைச்சது.

"அண்ணே, ரெண்டு கீ மட்டும்தான் வச்சிருக்கீங்களா?"ன்னு என் தம்பி கேட்டான்.

"இந்த மெஷினுக்கு இந்த ரெண்டுதான் தம்பி வேணும். தொலைச்சா கீழ கள்ளக்குறிச்சிக்குத்தான் இறங்கணும். அதான் கட்டி வச்சிருக்கேன்"னார்.

ரெண்டே கீ வச்சிருந்தவருக்கு வேலை நிக்கல. 30 கீ வச்சிருந்த நாங்க நடுரோட்டுல நின்னோம். இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இதைத்தான். "ஃபுல் செட்"ங்கிறது பெட்டி மேல போட்டிருக்கிற எண்ணிக்கை கிடையாது. உங்ககிட்ட இருக்கிற திருகுக்கெல்லாம் சரியாப் பொருந்துற கீ உங்க கையில இருந்தா, அதுதான் ஃபுல் செட்.

கடைசியில மரவள்ளி லோடு ஏத்தி இறங்கின ஒரு பிக்கப்ல சைக்கிளையும் தம்பியையும் ஏத்திவிட்டேன். 600 ரூபாய் கொடுத்தோம்.

மாமா வெர்னியர் எடுத்தார்

நேரா என் தாய்மாமா வீட்டுக்குப் போனோம். சர்க்கரை ஆலையில ஃபிட்டரா இருந்து ஓய்வு பெற்றவர். எங்க ஊர்ப் பக்கம் கரும்பும் ஆலையும் நிறைய பேருக்குச் சோறு போட்டிருக்கு, அதுல மாமாவும் ஒருத்தர்.

சைக்கிளைப் பார்த்தார். திட்டல. "எந்தக் கீ போட்ட?"ன்னு மட்டும் கேட்டார். தம்பி எடுத்துக் கொடுத்தான். மாமா வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தார்.

"4.76 காட்டுது. இது 5 எம்.எம். இல்லடா. அங்குலக் கணக்கு கீ, பதினாறுல மூணு."

30 பீஸ்ல 15 மட்டும்தான் மில்லிமீட்டர். மீதி 15 அங்குல அளவு. நம்ம ஊர்ல விக்கிற சைக்கிள், ஃபர்னிச்சர் எல்லாம் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்குதான். அங்குல கீ நமக்குக் கிட்டத்தட்ட தேவையே இல்ல. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் அது. அந்த செட்ல அளவைத் தெளிவா பொறிக்கக்கூட இல்ல. பார்க்க ஒரே மாதிரி இருந்ததால 3/16 அங்குலத்தை 5 எம்.எம்.னு நினைச்சு எடுத்திருக்கான்.

"சரி, உண்மையான 5 எம்.எம். எங்கே?"ன்னு அதையும் தேடி அளந்தார். 4.88 தான் இருந்தது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாப் பாருங்க. சர்வதேச ஐ.எஸ்.ஓ. தரப்படி 5 எம்.எம். கீயோட அகலம் சுமார் 4.95-க்கும் 5.00-க்கும் நடுவுல இருக்கணும். போல்ட் தலையில இருக்கிற குழி குறைஞ்சது 5.02 இருக்கும். அதாவது நல்ல கீக்கும் குழிக்கும் நடுவுல தலைமுடி அளவு இடைவெளிதான். கீ சின்னதா இருந்தா பட்டை முழுசும் ஒட்டாது, மூலை மட்டும் உரசும். மொத்த பலமும் ஆறு புள்ளியில இறங்கும். மூலை மழுங்கும், அவ்வளவுதான்.

போல்ட் ஏன் முதல்ல லூஸ் ஆச்சுன்னும் அப்போதான் புரிஞ்சது. வீட்டுல சைக்கிளைப் பூட்டினப்பவே அந்தக் கீயால சரியா டைட் ஆகல. ரெண்டு மாசம் சமதரையில ஓட்டினதால தெரியல. மலை காட்டிக்கொடுத்துடுச்சு.

மழுங்கின போல்ட்டை மாமா எப்படி எடுத்தார் தெரியுமா? நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்ல டி30 சைஸை எடுத்து, சுத்தியலால மெதுவா தட்டிக் குழிக்குள்ள இறுக்கமா இறக்கினார். அப்புறம் திருப்பினார். வந்துடுச்சு. இது உங்களுக்கும் பயன்படும், ஞாபகம் வச்சுக்கங்க. ஆனா எடுத்த போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது, புதுசுதான் போடணும். புது போல்ட் ஒரு ஜோடி 160 ரூபாய்.

மாமாவோட நோட்டு

அதுக்கப்புறம் மாமா காட்டினதுதான் என்னை இந்தப் பதிவை எழுத வச்சது. ஒரு காக்கித் துணிச் சுருள். பிரிச்சா வரிசையா ஆலன் கீ. 1.5-ல ஆரம்பிச்சு 14 எம்.எம். வரைக்கும். எதுவுமே ஒரே பிராண்ட் இல்ல. கூடவே ஒரு பாக்கெட் நோட்டு. அதுல தேதி, சைஸ், விலை. "5 எம்.எம்., 18 ரூபாய், 12.3.1999."

நான் படிச்ச படிப்புல இதுக்குப் பேர் ஃபிக்ஸட் அசெட் ரெஜிஸ்டர். கம்பெனிகள்ல ஆடிட்டுக்குப் போனா இதைத்தான் முதல்ல கேப்போம். பல கம்பெனிகள்ல சரியா இருக்காது. என் மாமாகிட்ட இருக்கு!

"மாமா, ஒரே தடவையா செட்டா வாங்கியிருக்கலாமே?"

"அன்னைக்கு அந்தக் காசு இல்ல மாப்ள. எந்த வேலை வந்துச்சோ அந்த சைஸ் வாங்குனேன். ஆனா வாங்குனது நல்லதா வாங்குனேன். முடிய ஒன்பது வருஷம் ஆச்சு."

அந்த 5 எம்.எம். கீ மத்ததை விட கொஞ்சம் குட்டையா இருந்தது. காரணம் கேட்டேன். ஆலன் கீ தேஞ்சா முனை மட்டும்தான் தேயும். முனையில நாலைஞ்சு மில்லிமீட்டரைச் சாணைக்கல்லுல தேய்ச்சு எடுத்துட்டா, உள்ளே புதுப் பட்டை வந்துடும். மாமா மூணு தடவை அப்படிப் பண்ணியிருக்கார். ஒரே ஒரு கவனம்: சூடேறி நீலம் பாரிச்சா இரும்போட பதம் போயிடும். தேய்ச்சுத் தேய்ச்சுத் தண்ணியில முக்கணும். 18 ரூபாய் கீ கால் நூற்றாண்டு தாண்டியும் வேலை செய்யுது.

"17 எம்.எம். எங்கே மாமா?"ன்னேன்.

"அது நான் வாங்கவே இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவதான் தேவைப்படும். ஆலை ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவோம்."

அடிக்கடி தேவைப்படுறது சொந்தம், எப்பவாவது தேவைப்படுறது இரவல். வீடு, கார், கேமரா எதை வாங்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

இது எங்க ஊருக்குப் புதுசும் இல்ல. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஒரு சிற்பி முன்னாடி எத்தனை அகலத்துல, எத்தனை வளைவுல உளி இருக்குன்னு பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்காக வந்து சேர்ந்தது.

ஆலன் யாரு?

ஒரு சின்ன வரலாறு. நூறு வருஷத்துக்கு முந்தி ஃபேக்டரி மெஷின்ல சுத்துற தண்டுகள்ல சதுரத் தலைத் திருகு வெளியே நீட்டிக்கிட்டிருக்கும். அதுல தொழிலாளியோட சட்டை சிக்கி விபத்து நடக்கும். தலையே வெளியே தெரியாம, உள்ளே குழி வச்ச திருகு வந்தது அதுக்காகத்தான். அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டுங்கிற ஊர்ல வில்லியம் ஆலன் என்பவர், அப்படிக் குழி வைக்கிற ஒரு முறைக்கு 1910-ல காப்புரிமை வாங்கினார். அவர் பேர்தான் நம்ம ஊர்ல "எல்.என்." ஆயிடுச்சு. பாதுகாப்புக்காகப் பரவின திருகு இது. அதை மட்டமான கீயால திருகி நாம ஆபத்தை வாங்கிக்கிறோம்.

இப்போ கணக்குக்கு வருவோம்

முதல்ல தம்பியோட செலவு:

- 30 பீஸ் செட்: 249 ரூபாய்
- பிக்கப்: 600 ரூபாய்
- புது போல்ட்: 160 ரூபாய்
- மொத்தம்: 1,009 ரூபாய்

மாமா கூலி வாங்கல. ஒரு நாள் லீவு போனதையும், சத்தம் கேக்காம இருந்திருந்தா அடுத்த வளைவுல என்ன ஆகியிருக்கும்ங்கிறதையும் நான் ரூபாயில எழுதல.

அடுத்து, அந்த "நோ காஸ்ட்" இ.எம்.ஐ. இதுல பேங்க் வட்டி போடாம இருக்காது. வட்டிக்குச் சமமான தொகையைப் பொருளோட விலையில தள்ளுபடியா காட்டுவாங்க. வட்டி வழக்கம்போல இருக்கும். அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உங்க தலையில. அதுக்கு மேல பிராசஸிங் ஃபீஸ். தம்பியோட ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தேன். வருஷ வட்டி 15%. ஒன்பது மாசத்துக்கு மொத்த வட்டி சுமார் 1,613 ரூபாய். அது மேல ஜி.எஸ்.டி. சுமார் 290. பிராசஸிங் ஃபீஸ் 199-ம் அதோட ஜி.எஸ்.டி.யும் சேர்த்து சுமார் 235. ஆக, "காஸ்ட் இல்லாத" கடனுக்கு அவன் கட்டினது சுமார் 525 ரூபாய்.

நல்ல பிராண்டோட 9 பீஸ் ஆலன் கீ செட்டை நாங்க அடுத்த நாள் கள்ளக்குறிச்சி ஹார்டுவேர் கடையில வாங்கினோம். 420 ரூபாய். அதாவது கண்ணுக்கே தெரியாம போன காசுல, பிரேக்கைக் காப்பாத்தியிருக்கிற கீ வந்திருக்கும்.

இங்கேதான் நாம எல்லாரும் பண்ற தப்பு. பொருளோட விலையை "மாசம் 3,000 தானே"ன்னு பார்க்கிறோம். அதை வச்சுப் பராமரிக்கிற செலவை பட்ஜெட்ல எழுதுறதே இல்ல. மொத்தக் காசும் பொருளுக்கே போயிட்டதால, அதைத் தாங்குற டூலுக்கு மிச்சம் மீதியில மட்டமானதை வாங்குறோம்.

நான் தம்பிக்குச் சொன்ன விதி: திருகு போட்ட எந்தப் பெரிய பொருள் வாங்கினாலும், விலையில 5 சதவீதத்தை டூலுக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கு. 27,000-க்கு 1,350 ரூபாய். அது கையில இல்லைன்னா, அந்தப் பொருளை வாங்க இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கோ. இது எந்தப் புத்தகத்துலயும் இருக்கிற ஃபார்முலா இல்ல, என் அனுபவக் கணக்கு.

உங்க செட்டை எப்படிச் சேர்க்குறது?

படி 1: முதல்ல எண்ணுங்க. கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டோட வீட்டைச் சுத்தி வாங்க. இருபது நிமிஷம் போதும். சைக்கிள், ஆபீஸ் சேர், கட்டில், டேபிள், பைக், கதவுக் கைப்பிடி, பாத்ரூம் குழாய். எங்க வீட்டுல நானும் எண்ணினேன். 4, 5, 6 எம்.எம். மூணும் சேர்ந்தே முக்கால்வாசி வந்துடுச்சு. உங்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

கீழே இருக்கிற அட்டவணையை போட்டோ எடுத்து வச்சுக்கங்க. உருளைத் தலை ஆலன் போல்ட்டுக்கு இதுதான் கணக்கு:

- எம்3 போல்ட்: 2.5 எம்.எம். கீ
- எம்4 போல்ட்: 3 எம்.எம்.
- எம்5 போல்ட்: 4 எம்.எம்.
- எம்6 போல்ட்: 5 எம்.எம்.
- எம்8 போல்ட்: 6 எம்.எம்.
- எம்10 போல்ட்: 8 எம்.எம்.
- எம்12 போல்ட்: 10 எம்.எம்.

தலை தட்டையா, பட்டன் மாதிரி வளைவா இருந்தா குழி ஒரு சைஸ் சின்னதா இருக்கும். எம்6 பட்டன் தலைக்கு 4 எம்.எம். தான். போட்டுப் பார்த்து, ஆடாம உட்காருற பெரிய சைஸ் எதுவோ அதுதான் சரியான சைஸ்.

படி 2: அடித்தளம். 1.5, 2, 2.5, 3, 4, 5, 6, 8, 10. இந்த ஒன்பதும் சேர்ந்த மில்லிமீட்டர் செட் எல்லா நல்ல பிராண்ட்லயும் உண்டு. தப்ரியா மாதிரி இந்திய பிராண்டே தாராளமா போதும். ஒன்பதையும் தனித்தனியா வாங்குறதை விட செட் விலை குறைவு. மாமா காலத்துல தனித்தனியா வாங்க வேண்டியிருந்தது, நமக்கு அந்தக் கட்டாயம் இல்ல. வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க: ஒவ்வொரு கீ மேலயும் அளவு பொறிச்சிருக்கா, எந்த இரும்புன்னு எழுதியிருக்கா. குரோம் வனேடியம், எஸ்2 இதெல்லாம் நல்ல வகை. "ஸ்டீல்"னு மட்டும் போட்டிருந்தா வேண்டாம். கடையில வெர்னியர் இருந்தா அளந்தே பாருங்க. தப்பில்ல.

படி 3: உழைக்கிற சைஸுக்கு மட்டும் காசு போடுங்க. நீங்க எண்ணினதுல அதிகமா வந்த ரெண்டு மூணு சைஸை மட்டும் உயர்ந்த தரத்துல, நீளமான கையோட தனியா வாங்குங்க. உருண்டை முனை வச்ச கீ வாங்கினா சாய்வாவும் திருகலாம், இடுக்குல ரொம்ப உதவும். ஆனா அந்தக் கழுத்து மெலிசு. முதல் தடவை இளக்குறதுக்கும் கடைசியா இறுக்குறதுக்கும் எப்பவும் மறுமுனையைப் பயன்படுத்துங்க.

படி 4: ஆலன் இல்லாததையும் கவனிங்க. டிஸ்க் பிரேக் சைக்கிள்ல டிஸ்க்கைப் பிடிக்கிற திருகு பல மாடல்ல டி25 டார்க்ஸ். நட்சத்திர வடிவம். அதுல ஆலன் கீயைத் திணிக்காதீங்க, டி25 ஒண்ணு தனியா வாங்குங்க. அங்குல செட் தேவைப்படுறது சில இறக்குமதி மெஷின், சில அமெரிக்க கிட்டார் மாதிரி பொருளுக்குத்தான். அப்படிப் பொருள் உங்ககிட்ட இருந்தா மட்டும் வாங்கி, தனிப் பையில வைங்க. மில்லிமீட்டரோட கலக்கவே கலக்காதீங்க. எங்க கதை தெரியும்ல?

தம்பிக்கு நாங்க சேர்த்த செட்:

- 9 பீஸ் மில்லிமீட்டர் செட்: 420 ரூபாய்
- நீளமான 4, 5, 6 எம்.எம். உயர்தர கீ: 640 ரூபாய்
- டி25 டார்க்ஸ்: 100 ரூபாய்
- துணிப்பை, கலர் டேப்: 80 ரூபாய்
- மொத்தம்: 1,240 ரூபாய்

5 சதவீதத்துக்குள்ள முடிஞ்சது. 15 வருஷம் வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 83 ரூபாய்கூட ஆகாது. ஒரே தடவையில முடியலைன்னா மாசம் 300 ரூபாய் தனியா எடுத்து வைங்க. முதல்ல செட், அப்புறம் 5, அப்புறம் 4, அப்புறம் மத்தது. அஞ்சு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். இதுக்குன்னு கிரெடிட் கார்டுல இழுத்துவிட்டு மினிமம் டியூ மட்டும் கட்டுறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

3,000, 4,000 ரூபாய்க்கு ஜெர்மன், அமெரிக்க செட்டும் இருக்கு. தினமும் இதே வேலையா இருக்கிறவங்களுக்கு அது நியாயமான விலை. மாசம் ஒரு தடவை சேர் திருகை இறுக்குறவங்களுக்கு அது அழகுப் பொருள்.

வரியில கழிக்கலாமா?

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். சம்பளம் மட்டும் வாங்குறவங்க டூல் பில்லைக் காட்டி வரி குறைக்க முடியாது. புது வரி முறையில 75,000, பழைய முறையில 50,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், அவ்வளவுதான். சைக்கிள் சர்வீஸை சைடு பிசினஸா பண்ணி, கணக்கு எழுதி வருமானம் காட்டினா, டூலுக்குப் பொதுவா 15% தேய்மானம் எடுக்கலாம். எப்படி இருந்தாலும் பில் வாங்குங்க. வாரண்டிக்கு உதவும்.

வாங்கினதைக் காப்பாத்துறது

- அதிகமா தொலையுறதும் இரவல் போறதும் நீங்க அதிகமா பயன்படுத்துற சைஸ்தான். பளிச்சுனு ஒரு கலர் டேப் சுத்துங்க. தரையில விழுந்தாலும் தெரியும், பக்கத்து ரூம் நண்பர் கையில இருந்தாலும் தெரியும்!
- கீயைப் போடுறதுக்கு முன்னாடி போல்ட் குழியில இருக்கிற மண்ணைக் குத்தி எடுங்க. மண் இருந்தா கீ முழுசா இறங்காது. பாதி பழி கீ மேல, மீதிப் பழி மண் மேல.
- பலத்தைக் காட்டாதீங்க. 10 சென்டிமீட்டர் கையில 5 கிலோ எடைக்குச் சமமா அழுத்தினா ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம் போல்ட்டுக்குப் பல சைக்கிள்ல எழுதியிருக்கிறதே அவ்வளவுதான். எண்ணைப் படிச்சுட்டு இறுக்குங்க.
- பிரேக், ஸ்டெம், சக்கரம். இந்த மூணையும் வீட்டுல பூட்டின பிறகு மலைக்கோ ஹைவேக்கோ போறதுக்கு முன்னாடி ஒரு சைக்கிள் மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. அந்தக் கூலி செலவே இல்ல.

கடைசியா

ஊருக்குக் கிளம்புற அன்னைக்குத் தம்பி மாமாகிட்ட போய், "மாமா, ஒரு பழைய நோட்டு இருந்தா குடுங்க"ன்னு கேட்டான். முதல் பக்கத்துல அவனே எழுதினான்: "9 பீஸ் செட், 420 ரூபாய்." தேதியும் போட்டான். மாமா வாங்கிப் பார்த்துட்டு, "4.76-யும் எழுதி வை. மறக்கக்கூடாது"ன்னார். அதையும் எழுதிக்கிட்டான்.

அந்த 30 பீஸ்ல இருந்த 15 அங்குல கீயும் இப்போ மாமா வீட்டு ஷெட்ல, ஆணி டப்பாவுல கிடக்கு. மாட்டுக் கொட்டகையில கொக்கி வளைக்க ஆகும்னு மாமா எடுத்துக்கிட்டார்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. வீட்டைச் சுத்தி உங்க திருகுகளை எண்ணி, எந்த சைஸ் அதிகமா வந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. 5 எம்.எம்.தான் ஜெயிக்கும்னு நான் சொல்றேன், என் தம்பி 4 எம்.எம்.னு சொல்றான். நோ காஸ்ட் இ.எம்.ஐ. ஸ்டேட்மென்ட்டை எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவுல தம்பியோட கணக்கை வச்சே காட்டுறேன். அவன்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சு.

பத்திரமா ஓட்டுங்க. சந்திப்போம்!